டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக விளங்கிற்று. அவ்வூரில் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள், நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாய்ப் பிறந்தவர் முத்துலட்சுமி. ஆடவரே பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்த்தற்குப் பலர் தடை கூறினர். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடைகளைப் பொருட்படுத்தாது இடமளித்தார். அம்மன்னர் செய்த நற்செயல்களுள் இதனை முதலாவதாக எண்ணுதல் தகும்.

முத்துலட்சுமி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, மகப்பேற்று மருத்துவமனையிற் பணி ஏற்றார். 1925-இல் லண்டன் மாநகர் சென்று, மகளிர் நோய்களையும் குழந்தை நோய்களையும் சிறப்பாகப் பயின்றார்.

அந்நாளிற் குழந்தை மருத்துவம் எத்துணை அரிது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேச வல்லவன் வலிக்கும் இடத்தைக் கூறுவான்; பிறந்து மூன்று நாளான சிசு என் செய்யும்? நோய்க்கிருமி குருதியிற் கலந்தாலும் சில சிசுக்களுக்குக் காய்ச்சல் காண்பதில்லை. உடல் குளிர்வதும் உண்டு. பால் குடியாது சோர்தல், மூச்சு விரைதல் முதலியனவே மருத்துவர்க்குக் கிட்டிய குறிகள். அவை தெளிவாவதற்குள் உயிர் பிரிந்துவிடுதலும் உண்டு.

1930-இல் அமெரிக்க நாட்டில் தில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளரின் குருதியில் ஒரு புரதத்தைக் கண்டனர். சி-ரியாக்டிவ் புரதம் என அது பெயர் பெற்றது. உடலில் அழற்சி எழுந்த சில மணி நேரத்தில் கல்லீரல் அதனை மிகுதியாகச் சுரக்கும். இந்நாளில் சிசுவின் குருதியைச் சிறிதளவு எடுத்து அதன் அளவை அறிகின்றனர். எனினும் ஒருமுறை பார்த்து முடிவு செய்தல் ஆகாது. நோயின் தொடக்கத்தில் அளவு ஏறாதிருக்கும். நோயின்றியும், பேற்றின் இடர்ப்பாட்டால் ஏறுதல் உண்டு. ஆதலால் ஒரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பர். குருதியிற் கிருமி வளர்கின்றதா என்னும் சோதனையையும் உடன் செய்வர்.

இத்துணைக் கருவி ஏதுமில்லாத காலத்தில், பிணியுற்ற குழந்தைகட்குத் தனியிடமேனும் வேண்டுமென அம்மையார் கருதினார். 1927-இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். மகளிர்க்கும் குழந்தைகட்கும் சிறப்பு மருத்துவமனை வேண்டுமென அவையில் வாதாடினார். அரசினர் இசைந்து, மகப்பேற்று மருத்துவமனையிற் குழந்தைகட்கெனத் தனிப்பகுதி திறந்தனர். பள்ளி மாணவர்க்கு முறையான மருத்துவச் சோதனை வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் ஆற்றிய தொண்டு தனி நூலாக விரியும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. பல்லாண்டு முயன்று, 1954-இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1968 சூலை 22-ஆம் நாள் மறைந்தார். அம்மருத்துவமனை இன்றும் நடைபெறுகின்றது.