சூசன்னா வெஸ்லி அம்மையார்

மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி ஐயரை அறியாதார் நம்முள் இலர். அவருக்கு எழுத்தறிவித்த அன்னையாரைப்பற்றியே யாம் ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

1669-இல் இலண்டனிற் பிறந்த சூசன்னா அம்மையார், பின்னர் எப்வொர்த் என்னுஞ் சிற்றூரின் குருவாயமர்ந்த சாமுவேல் வெஸ்லியை மணந்தார். மக்கள் பத்தொன்பதின்மர், அவருள் ஒன்பதின்மர் குழவிப்பருவத்தே மாண்டனர். 1705-இற் கணவர் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1709-இற் குருமனை எரிந்தது. இத்துணை இடர்க்கிடையிலும் நாடோறும் ஆறுமணி நேரம் வீட்டையே பள்ளியாக்கினார்.

ஐந்து வயது நிறைந்த மறுநாளே பாடந் தொடங்கும். அன்றைப்பொழுதிற்குள் எழுத்தனைத்தும் வந்துவிடல்வேண்டும். இருபெண்களுக்கு மாத்திரம் ஒன்றரை நாளாயிற்றாம். (நம் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தாயின் அம்மையார் யாது செய்திருப்பாரோ, அறியோம்.) அடுத்தது ஆதியாகமம் முதலதிகாரம், ஒரு வசனம் பிழையற வந்த பின்னரே மறு வசனம். கடைமகள் கெசியாவுக்குமட்டும், பிறர் வற்புறுத்தலுக்கிணங்கி, ஐந்தாண்டுக்கு முன்னரே தொடங்கினார். மற்றையோர் மாதங்களிற் கற்றதற்கு அவளுக்கு ஆண்டுகள் சென்றன. இதனையும் ஒளியாது, 1732-இல் மகனுக்கு எழுதிய கடிதத்திற் குறித்துள்ளார். யாம் அவரை மிக மதிப்பது இதனாலேயே.

நன்கு வாசிக்கப் பயிலுமுன் எப்பெண்ணையும் தையலுக்கு விடார். ஹெட்டி என்பாள் எட்டு வயதிற் கிரேக்க வேதம் வாசித்தாள் என்பர். ஆண்மக்கள் மூவரும் ஆக்ஸ்போர்டு சென்றனர். பெண்களுக்கு அவ்வாயில் அடைபட்டிருந்தது. ஹெட்டி 1725-இல் ஈயக்குழாய் வேலைசெய்வோர் ஒருவருக்கு மனைவியானாள். அவள் யாத்த கவிகளில் துயரமே மிகுதி.