வீடுகளை நேராக நிறுத்தியவர்

பிரான்சு நாட்டின் லிபூர்ன் நகரில் 1857ஆம் ஆண்டு பிறந்தவர் யூஜின் அட்ஜே. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், கப்பலில் பணிபுரிந்தார். நாடகக்குழுக்களில் சிறு வேடங்கள் ஏற்றார். இரண்டும் நிலைக்கவில்லை. முப்பது வயதைக் கடந்த பின்னரே ஒளிப்படக்கருவியைக் கையில் எடுத்தார். ஓவியர்களுக்குப் பயன்படும் படங்களை விற்பதே அவர்தம் தொழிலாயிற்று.

அக்காலப் பாரிசில் அகன்ற சாலைகளுக்காகப் பழைய தெருக்கள் இடிக்கப்பட்டு வந்தன. எஞ்சிய வீடுகளையேனும் படமாக்கிவிட அவர் முனைந்தார். மரத்தாலான பெரிய கருவி, முக்காலி, 18 செ.மீ.க்கு 24 செ.மீ. அளவுடைய கண்ணாடித் தகடுகள் ஆகியவற்றைச் சுமந்து விடியற்காலையிலேயே புறப்படுவார். ஆள் நடமாட்டம் குறைந்த அவ்வேளையில் சாய்ந்து விழும் ஒளி, கதவின் செதுக்கல்களையும் காரை உதிர்ந்த சுவரையும் புடைத்துக் காட்டும். உச்சி வெயிலில் இவை துலங்குவதில்லை.

குறுகிய தெருவில் நின்று உயர்ந்த வீட்டைப் படமெடுப்பது எளிதன்று. கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால், சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கி, வீடே பின்புறம் சாய்வதுபோலத் தோன்றும். அலைபேசியில் தம் வீட்டைப் படமெடுத்த மாணவர் இதனைக் கண்டிருப்பர். அட்ஜே கருவியைச் சாய்க்காமல் நிறுத்தி, வில்லையை மட்டும் மேலே நகர்த்தினார். சுவர்கள் நேராக நின்றன. கூரையும் படத்துள் அடங்கியது. ஆனால், வில்லையின் ஒளிவட்டம் எட்டாத மேல்மூலைகளில் கருமை படிந்தது. அவருடைய படங்கள் பலவற்றில் அக்கருமை இன்றும் உள்ளது. பிறரெனின் அப்பகுதியை வெட்டி நீக்கியிருப்பர். அவருக்கோ வீடு நேராக நிற்பதே முதன்மையாகப் பட்டது போலும்.

1920ஆம் ஆண்டில் 2600க்கும் மேற்பட்ட தகடுகளை 10,000 பிராங்குக்கு அரசிடம் விற்றார். 1926இல் மிகைநடப்பியல் இதழொன்று அவர் படங்களை வெளியிட்டபோது, தம் பெயரை இட வேண்டா என்றார். அவ்வாண்டே அவருடைய வாழ்க்கைத்துணை வாலன்டீன் மறைந்தார்.

1927ஆம் ஆண்டு பெரெனிஸ் ஆபட் என்னும் அமெரிக்க இளம்பெண் தம் படக்கூடத்தில் அட்ஜேயைப் படமெடுத்தார். அப்படங்களுடன் ஆபட் வீடு தேடிச் சென்றபோது, முதியவர் காலமாகியிருந்தார். அவர் விட்டுச்சென்ற தகடுகளையும் படங்களையும் அரும்பாடுபட்டுத் தேடிப் பெற்ற ஆபட், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்துவந்தார். 1968ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றை விலைக்குப் பெற்றது.