பத்து வருஷம் பாடிய பாட்டு

முதலாம் ஆண்டு துவக்க விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து பாட என்னைக் கூப்பிட்டார்கள். பாடி முடித்ததும், எழுதியவர் யாரென்று விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். பாரதிதாசன் என்று அடித்துவிட்டேன். அரங்கமே சிரித்தது. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். பள்ளியில் பத்து வருஷம் பாடிய பாட்டுக்கு ஆள் தெரியலையே என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அப்புறம் வானூர் நூலகத்தில் தேடிப் படித்ததுதான் இது.

அவர் மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். 1876இல் பி.ஏ. முடித்தார். கொஞ்ச காலம் திருநெல்வேலியில் பள்ளித் தலைமையாசிரியர். பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவ ஆசிரியர். நடுவில் அதையும் விட்டு அரண்மனையில் வருவாய் அதிகாரி! 1885இல் பேராசிரியர் ஹார்வி விலகியதும், அந்த இடத்துக்குத் தத்துவப் பேராசிரியராகத் திரும்பி வந்தார்.

தத்துவ வாத்தியார் வகுப்போடு நின்றாரா? கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு படித்தார். அதைக் கொண்டு வேணாட்டுப் பழைய அரசர்களின் காலத்தை வரிசைப்படுத்தினார். திருஞானசம்பந்தர் காலத்தையும் ஆதாரத்தோடு ஆராய்ந்தார். நம்ம திருவக்கரைக்குக் கல்மரம் பார்க்கப் போகும்போதெல்லாம், கோயில் சுவரில் உள்ள எழுத்தின்மேல் முதுகைச் சாய்த்துத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

1891இல் 'மனோன்மணீயம்' வந்தது. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய கதையைத் தழுவி, முழுக்கச் செய்யுளிலேயே எழுதிய நாடகம். மேடையில் நடிப்பதைவிடப் படிப்பதற்கே ஏற்றது என்பார்கள். ஆனாலும் 1942இல் பி.யு. சின்னப்பா நடித்துச் சினிமாவாகவும் வந்துவிட்டது! நூலை ஹார்விக்கே காணிக்கையாக்கினார். பேரூர்க்கடையில் தான் குடியிருந்த இடத்துக்கு ஹார்விபுரம் என்றே பெயர் வைத்தார். வாத்தியார்மேல் இவ்வளவு பாசமா என்று ஆச்சரியப்பட்டேன்.

அந்த நாடகத்தின் தொடக்கத்தில் வரும் வாழ்த்துதான் நம்ம பாட்டு. சில வரிகளை விட்டுவிட்டு, 1970இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இசை எம்.எஸ். விஸ்வநாதன். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாகவும் ஆனது. எழுதியவர் எதையும் பார்க்கவில்லை. 1897லேயே, 42 வயதில், போய்விட்டார்.

இந்த வருஷ ஆண்டு விழாவிலும் என்னையே பாடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விரிவுரையாளர் முன்வரிசையில் உட்கார்ந்து, மறுபடி கேட்டால் நல்லது!