நோய்க்கு வேர் வறுமை என்ற டாக்டர்
ருடால்ப் விர்ச்சோவின் கதை

1848-ம் ஆண்டு. ஐரோப்பாவில் பிரஷ்யா என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் தென்கிழக்கு மூலையில் இருந்த பகுதி மேல் சைலீசியா. இன்று அதன் பெரும்பகுதி போலந்து நாட்டில் இருக்கிறது.

அங்கே ஏழைகளின் சாப்பாடு உருளைக்கிழங்கு. அது விளையவில்லை. பஞ்சம் வந்தது. பஞ்சத்தின் பின்னாலேயே டைபஸ் என்ற கொடிய காய்ச்சலும் வந்தது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

பத்திரிகைகள் கண்டித்து எழுதின. பிறகுதான் சர்க்கார் விழித்தது. நிலைமையைப் பார்த்து வரும்படி டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் ருடால்ப் விர்ச்சோ. வயது 26. பெர்லினில் உள்ள சாரிட்டே ஆஸ்பத்திரியில் சர்க்கார் உத்தியோகம்.

அறிக்கை

விர்ச்சோ வீடு வீடாகப் போனார். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் அடைந்து கிடந்தது. மாற்று உடை இல்லை. வயிற்றுக்குச் சோறு இல்லை. அந்த மக்கள் பேசியது போலிஷ் மொழி. அதிகாரிகள் பேசியதோ ஜெர்மன்.

மூன்று வாரத்துக்குள் அவர் திரும்பி வந்தார். அறிக்கை எழுதினார். டாக்டர் எழுதும் அறிக்கையில் மருந்தைப் பற்றித்தானே இருக்கும்? இதில் அப்படி இல்லை. தாய்மொழியில் பள்ளிக்கூடம் வேண்டும், மக்களுக்கு ஆட்சியில் உரிமை வேண்டும், ஏழைகளின் வரிச் சுமை குறைய வேண்டும், சாலை போட வேண்டும், விவசாயம் பெருக வேண்டும் என்று எழுதினார். இவை இல்லாவிட்டால் காய்ச்சல் மறுபடியும் வரும் என்பது அவர் கருத்து.

டைபஸைப் பரப்புவது உடம்பில் ஒட்டும் பேன் என்று 1909-ல்தான் தெரிந்தது. விர்ச்சோவுக்கு அது தெரியாது. ஆனால் பேன் பெருகுவது எங்கே? நெருக்கடியான வீட்டிலும் மாற்ற முடியாத உடையிலும்தான். அவர் சொன்ன வழி சரியாகவே இருந்தது.

வேலை போயிற்று

அதே மார்ச் மாதம் பெர்லினில் புரட்சி வெடித்தது. விர்ச்சோ புரட்சிக்காரர்களுடன் தெருவில் நின்றார். பிறகு மருத்துவச் சீர்திருத்தத்துக்காக ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். ஏழைகளுக்கு வைத்தியம் செய்வது தர்மம் அல்ல, சர்க்காரின் கடமை என்று வாதாடினார்.

புரட்சி தோற்றது. 1849-ல் விர்ச்சோவின் உத்தியோகத்துக்கு ஆபத்து வந்தது. அவர் பெர்லினை விட்டு வூர்ஸ்பர்க் நகரத்துக்குப் போய் ஆசிரியரானார். 7 ஆண்டுகளுக்குப் பிறகு பெர்லின் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. உடம்பில் உள்ள நுண்ணிய செல்கள் கெடுவதே நோய் என்று 1858-ல் அவர் வெளியிட்ட புத்தகம், அவர் புகழை உலகமெங்கும் பரப்பியது.

சாக்கடையும் பிஸ்மார்க்கும்

புகழ் வந்தும் அரசியலை விடவில்லை. 1859-ல் பெர்லின் நகரசபை அங்கத்தினரானார். அந்த நாளில் பெர்லின் தெருவோரங்களில் கழிவுநீர் திறந்த வாய்க்காலில் ஓடியது. அதைக் குழாய் வழியாக ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று விர்ச்சோ போராடினார். என்ஜினீயர் ஹோப்ரெக்ட் திட்டம் வகுத்தார். 1873-ல் வேலை தொடங்கியது. கழிவுநீர் வயல்களுக்குப் பாய்ந்தது. இறைச்சியைச் சோதித்த பிறகே விற்கவேண்டும் என்றும் விர்ச்சோ வற்புறுத்தினார்.

சட்டசபையில் அவர் பிரதம மந்திரி பிஸ்மார்க்கை எதிர்த்தார். 1865-ல் கோபம் கொண்ட பிஸ்மார்க், ஆயுதச் சண்டைக்கு வரும்படி அவரை அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார்.

அவரும் தவறியது உண்டு. டாக்டர்கள் கை கழுவினால் பிரசவ ஜுரம் குறையும் என்றார் செம்மல்வைஸ். அதை விர்ச்சோ ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய புதிய உண்மைகளையும் அவர் எளிதில் நம்பவில்லை.

1902 ஜனவரியில் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி காலமானார். வயது 80. கடைசி வரை அவர் பெர்லின் நகரசபை அங்கத்தினர்.