மியூஸ்லி தந்த வைத்தியர்

வைத்தியர் மக்சிமிலியன் பிர்ஹர்-பென்னரை நினைக்குந்தோறும் ஒரு சிறு கிண்ணமே என் மனக்கண்முன் தோன்றுகின்றது. 1867இல் சுவிற்சர்லாந்திலுள்ள ஆறாவ் நகரிற் பிறந்த அவர், சமைக்காத காய்கனிகள் பிணி தீர்க்கும் எனத் துணிந்தார். 1900இல் சூரிச் வைத்தியர் சங்கத்தில் அக்கொள்கையை எடுத்துரைத்தபோது, அவர் விஞ்ஞானத்தின் எல்லையைக் கடந்துவிட்டார் என்று சக வைத்தியர்கள் ஒதுக்கினர். அவரோ தளராது, 1904இல் அந்நகரின் குன்றொன்றில் ஆரோக்கிய நிலையம் அமைத்தார்.

ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸை இரவில் நீரில் ஊறவைத்து, தேசிக்காய்ச் சாறும் கட்டிப்பாலும் கலந்து, தோலோடு துருவிய அப்பிளை நிறையச் சேர்த்து, பொடித்த பருப்புத் தூவி நோயாளருக்கு அளித்தார். அதுவே மியூஸ்லி.

1939இல் அவர் மறைந்தார். இன்று அப்பெயரில் விற்கும் பெட்டிகளில் ஓட்ஸே மிகுந்திருக்கக் காண்கின்றேன். பலவற்றிற் சீனியும் உண்டு. அவர் கிண்ணத்தில் அப்பிளே உணவு, ஓட்ஸ் அதற்குத் துணை. காலை உணவை ஆயத்தஞ் செய்வோர் இதனை அறிதல் நன்று.