ஜி.டி. நாயுடு ஓட்டிய பஸ்ஸும் உங்க ஆபீஸ் நெட்வொர்க்கும்: லேன், வேன் என்ன தொடர்பு?

கோவை பீளமேடு பக்கம் ஜி.டி. நாயுடு பேரைக் கேள்விப்படாதவங்க குறைவு. 1974இல் மறைந்த அவர் கம்ப்யூட்டர் நெட்வொர்க் எதையும் அமைக்கவில்லை. ஆனாலும், லேனும் வேனும் எப்படிச் சேருதுன்னு அவர் வாழ்க்கையை வெச்சே புரிஞ்சுக்கலாம்.

யார் இவர்?

1893இல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் பைக் மீது ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினார். பாகம் பாகமாகக் கழற்றி மாட்டி, தானாகவே தொழில் கற்றார்.

1920இல் ஒரே ஒரு பஸ். ரூட்: பொள்ளாச்சி - பழனி. டிரைவரும் அவரே. அதுதான் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமானது.

லேன்னா என்ன?

பஸ் ஷெட்டுக்குள் வண்டி, கருவி, ஆட்கள் எல்லாம் முதலாளி பொறுப்பு. லேனும் அப்படித்தான். ஒரு வீடு, ஆபீஸ், காலேஜ் வளாகத்தில் உள்ள கம்ப்யூட்டர்களை நம்ம சொந்த கேபிள், சுவிட்ச், வைஃபை மூலம் இணைப்பது.

அப்போ வேன்?

ஷெட் கேட்டைத் தாண்டினா ரோடு அரசாங்கத்தோடது. ஓட்ட பெர்மிட் வேணும். அதேபோல வெவ்வேறு ஊர்களில் உள்ள லேன்களை இணைப்பது வேன். இதுக்குப் பெரும்பாலும் டெலிகாம் நிறுவனத்தின் லைனை வாடகைக்கு எடுக்கணும். ரவுட்டர்தான் நடுவில் இருக்கும் கேட். வெளி லைன் அறுந்தாலும் ஆபீஸுக்குள் பிரிண்டர் ஓடும்; பக்கத்து ஊர் கிளைக்கு மட்டும் ஃபைல் போகாது.

கேட்டுக்கு உள்ளே, வெளியே

இந்த வித்தியாசம் நாயுடுவுக்கு நல்லாவே தெரியும். டி. பாலசுந்தரம் நாயுடு உருவாக்கிய, இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டார் 1937இல் வெளிவந்தது ஜி.டி. நாயுடுவின் பீளமேடு தொழிற்சாலையில் இருந்துதான். ஆனால், 1952இல் வெறும் 2,000 ரூபாய்க்கு அவர் கொண்டுவர நினைத்த இரண்டு சீட் கார், அரசு லைசென்ஸ் கிடைக்காமல் நின்றுபோனது. பட்டறைக்குள் கை ஓங்கியிருந்தது. ரோட்டுக்கு வர அடுத்தவர் அனுமதி தேவைப்பட்டது.

அடுத்த முறை நெட் கட்டானா, கோளாறு கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயான்னு முதலில் பாருங்க. உள்ளேன்னா நீங்களே சரி பண்ணலாம். வெளியேன்னா லைன் கொடுத்தவருக்குத்தான் போன் போடணும்.