நகரங்களின் தோட்டக்காரர் பேட்ரிக் கெடிஸ்

அரசாங்கம் சாலை போடலாம், சாக்கடை வெட்டலாம், பூங்கா அமைக்கலாம். ஆனால் தெருவில் வாழ்பவர்கள் அதைத் தங்கள் தெருவாக எண்ணாத வரையில் எந்த ஊரும் தூய்மை அடைவதில்லை. இந்த எளிய உண்மைக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பேட்ரிக் கெடிஸ்.

1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே செடி கொடிகளின் மீது அவருக்குப் பற்று மிகுந்திருந்தது. லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லி என்னும் புகழ்பெற்ற அறிஞரிடம் உயிரியல் பயின்றார். 1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ சென்றபோது அவரது பார்வை திடீரென்று மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் கண்களைக் கட்டிக்கொண்டு இருக்க நேர்ந்தது. பின்னர் பார்வை திரும்பியது. ஆயினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் உற்றுப் பார்க்கும் வலிமை கண்களுக்கு இல்லாமற் போயிற்று. மனம் தளராத அவர், உயிர்கள் தம் சூழலோடு எவ்வாறு இணைந்து வாழ்கின்றன என்பதில் கருத்தைச் செலுத்தினார். மனிதனின் சூழல் அவன் வாழும் ஊர் அல்லவா? உயிரியல் அறிஞர் நகரத்தின் மாணவரானார்.

சேரியில் ஒரு குடித்தனம்

1886-இல் அன்னா மார்ட்டன் என்னும் பெண்மணியை மணந்தார். எடின்பரோ நகரின் பழைய பகுதியை விட்டுச் செல்வந்தர்கள் வெளியேறியிருந்த காலம் அது. அங்கிருந்த உயர்ந்த கட்டடங்களில் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். இளம் தம்பதியர் வசதியான வீட்டைத் துறந்து, அங்கே ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில் குடியேறினர். அவர்கள் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. தாங்களே பெருக்கினார்கள், சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், ஜன்னல்களில் பூச்செடித் தொட்டிகளை வைத்தார்கள். முதலில் வேடிக்கை பார்த்த அண்டை வீட்டார் மெல்ல மெல்லத் தாமும் கை கொடுத்தனர். கல்லூரி மாணவர்களும் வந்து சேர்ந்தனர்.

பின்னாளில் அப்பகுதியில் பயனற்றுக் கிடந்த வெற்றிடங்கள் கணக்கெடுக்கப்பட்டன. கெடிஸின் மகள் நோராவின் மேற்பார்வையில் தன்னார்வலர்கள் அவற்றுள் சிலவற்றைச் சிறு தோட்டங்களாக மாற்றினர். குப்பைமேடாக இருந்த இடங்களில் குழந்தைகள் செடிகளுக்கு நீர் வார்த்தனர். 1888 முதல் டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கெடிஸுக்கு நகரமே வகுப்பறை ஆயிற்று.

பாரதம் அழைத்தது

1899-இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது சகோதரி நிவேதிதை துடைப்பம் ஏந்தித் தெருவில் இறங்கியதை நம் வாசகர்கள் அறிவர். மறு ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியின்போது அவர் கெடிஸுக்கு உதவியாகப் பணியாற்றினார். நிவேதிதை மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1914-இல், சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்றுக் கெடிஸ் இந்தியா வந்தார். அவர் பல்லாண்டுகள் திரட்டிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னையின் மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் அதையும் மூழ்கடித்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இன் தொடக்கத்தில் சென்னையிலேயே கண்காட்சியை நடத்திக் காட்டினார்.

தமிழகத்து ஊர்களில் அவர் நடந்தே சுற்றினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியின் நெரிசலைப் போக்க, வீடுகளை இடித்து நேர்கோட்டுச் சாலைகள் அமைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. கெடிஸ் அதனை ஏற்கவில்லை. இடிந்து கிடந்த மனைகளை மட்டும் திறந்தவெளிகளாக்கி, மரம் நட்டு, சந்துகளை அங்கங்கே அகலப்படுத்தினால் போதும். செலவும் குறையும், ஏழைகளின் வீடுகளும் தப்பும் என்று விளக்கினார்.

1917-ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயரத்தைத் தந்தது. மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் வீழ்ந்தான். கல்கத்தாவில் காய்ச்சலால் நோயுற்றுக் கிடந்த மனைவியிடம் அச்செய்தியை அவர் மறைத்தார். மகனின் பழைய கடிதங்களையே அவளுக்குப் படித்துக் காட்டினார். சில வாரங்களில் அன்னாவும் கண் மூடினார். இரு இழப்புகளையும் நெஞ்சில் சுமந்தபடியே அவர் தம் பணியைத் தொடர்ந்தார்.

இந்தூரின் தீபாவளி

அக்காலத்தில் ஹோல்கர் மன்னரின் தலைநகரான இந்தூரில் பிளேக் வாட்டியது. வரைபடத்துடன் சந்துகளில் திரிந்த வெள்ளைக்கார முதியவரைக் கண்டு, நோயைக் கொண்டுவருபவர் இவரே என்று மக்கள் அஞ்சினர். அச்சம் நீங்காமல் ஒத்துழைப்பு வராது என்பதை உணர்ந்த கெடிஸ், ஒரு நாள் மட்டும் தமக்கு மகாராஜாவின் அதிகாரம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்.

தீபாவளியன்று ஊர்வலம் நடக்கும். எந்த வீதியில் வீடுகள் மிகுதியாகச் சுத்தம் செய்யப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, செடிகள் நடப்பட்டுள்ளனவோ அந்த வீதி வழியாகவே அது செல்லும் என்று அறிவித்தார். குப்பையை இலவசமாக அகற்றவும் ஏற்பாடு செய்தார். ஊர்வலம் தங்கள் வீதிக்கு வருவதைப் பெரும்பேறாகக் கருதும் மக்கள் அல்லவா நாம்! வீதிக்கு வீதி போட்டி எழுந்தது. ஆயிரக்கணக்கான வண்டிச் சுமைக் குப்பை ஊரைவிட்டு வெளியேறியது.

ஊர்வலத்தில் குப்பை அரக்கனும், பிளேக்கைப் பரப்பும் எலியும் பெரிய உருவங்களாக வந்தன. அவற்றின் பின்னே வந்தவர்களைக் கண்டுதான் ஊர் வியந்தது. அவர்கள் அதுவரை எவரும் ஏறெடுத்துப் பாராத துப்புரவுப் பணியாளர்கள்! தூய வெள்ளுடையும் பூமாலையும் அணிந்து, புதிய துடைப்பங்களுடன், பளபளக்கும் வண்டிகளோடும் அலங்கரித்த மாடுகளோடும் அவர்கள் நடந்தனர். தொடர்ந்து யானை மீது திருமகள் எழுந்தருளினாள். மக்களுக்குத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன. இறுதியில் அரக்கனும் எலியும் தீக்கிரையாயின.

அதன்பின் பிளேக் தணிந்தது. நோயின் பருவம் முடிந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதைக் கெடிஸ் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் அவரைக் கண்டு ஒதுங்கியவர்கள் இப்போது அன்புடன் வரவேற்றனர். அதுவே அவர் நாடிய வெற்றி.

1919 முதல் சில ஆண்டுகள் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கினார். ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1920-இல் வெளியிட்டார். 1932 ஏப்ரல் 17 அன்று பிரான்ஸில் மோன்பெலியே நகரில் காலமானார்.

நாட்டின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2016-இல் முதலிடம் பெற்றது மைசூரு. 2017 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் அவ்விடத்தைப் பெற்றது இந்தூர். பரிசுகள் ஆண்டுதோறும் கைமாறலாம். விடியற்காலையில் நம் தெருவைப் பெருக்குபவரை நாம் எப்படி நோக்குகிறோம்? நம் வாசலில் ஒரு செடியையாவது நட்டுக் காக்கிறோமா? கெடிஸின் கணக்கில், ஊரின் தூய்மை தொடங்கும் இடம் அதுவே.